முயலுக்கு முட்டை கொடுத்த கதை

போன மாசம் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பிட்டு எழுந்ததும் அண்ணி சத்தம் காட்டாம, ஃபிரிட்ஜ் மேல இருந்த மாத்திரை டப்பாவைக் கண்ணால காட்டினாங்க. திறந்து பார்த்தா, அட்டை அட்டையா மாத்திரை அப்படியே பிரிக்காம இருக்கு. நாலு மாசமா தொடவே இல்லையாம்.

அண்ணனுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி ஸ்டென்ட் வெச்சாங்க. அப்ப வயசு 47. சிகரெட் கிடையாது, சுகர் கிடையாது, தினம் காலையில அஞ்சு கிலோமீட்டர் நடக்கிற ஆள். எல்.டி.எல். மட்டும் 214. எங்க அப்பா 51 வயசில, ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுட்டுப் படுத்தவர் எழுந்திரிக்கலை. அதனால எங்க வீட்டில கொலஸ்ட்ராலுங்கறது வாரமலர் ஆரோக்கியக் குறிப்பு சமாச்சாரம் இல்லைங்க. பூர்வீகச் சொத்து மாதிரி.

"என்னண்ணே இது?"ன்னு கேட்டேன். பதிலுக்கு போனை நீட்டினார். எங்க சித்தப்பா அனுப்பின வீடியோ. கோட்டு போட்ட ஒருத்தர் ஆவேசமா பேசறார். நூறு வருஷத்துக்கு முன்னாடி ரஷ்யாவில எவனோ ஒருத்தன் புல்லு தின்னுற முயலுக்கு முட்டையைக் கொடுத்தானாம். முயலுக்கு ரத்தக்குழாய் அடைச்சுக்கிச்சாம். அந்த ஒரு முயலை வெச்சுக்கிட்டு உலகத்தையே மாத்திரை தின்ன வைக்கிறாங்களாம். கடைசில கேமராவைப் பார்த்து ஒரு கேள்வி: "நீங்க முயலா?"

நான் முயல் இல்லைதான். ஆனா அந்த நிமிஷம் அண்ணனுக்குச் சொல்ல என்கிட்ட பதிலும் இல்லை. அதான் உண்மை. அந்தக் கடுப்பில மூணு வாரம் கிடைச்சதையெல்லாம் படிச்சேன். படிக்கப் படிக்க, வீடியோக்காரர் கேட்டது உண்மையிலேயே நல்ல கேள்விதான்னு புரிஞ்சது. என்ன, விஞ்ஞானிகள் அதை நூறு வருஷத்துக்கு முன்னாடியே கேட்டாச்சு. எந்த மிருகத்தை நம்பறது? முயலையா, எலியையா? கொலஸ்ட்ராலோட மொத்த வரலாறும் இந்த ஒரே கேள்வியைச் சுத்திச் சுத்தித்தான் வருது.

முதல்ல அந்த ரஷ்ய முயல். 1908-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இக்னடோவ்ஸ்கின்னு ஒரு மருத்துவர் முயல்களுக்கு இறைச்சி, முட்டை, பால் எல்லாம் கொடுத்துப் பார்த்தார். ரத்தக்குழாய்ச் சுவர் தடிச்சுது. மாமிசப் புரதம்தான் காரணம்னு அவர் முடிவு கட்டினார். அவரோட சந்தேகம் தப்பு, சோதனை சரி. அதே ஊர் ராணுவ மருத்துவக் கழகத்தில் இருந்த நிக்கொலாய் அனிச்கோவ் இதைப் பிரிச்சு மேய்ஞ்சார். 1913-இல் அவருக்கு முப்பது வயசு கூட ஆகலை. கூட சலடோவ்னு ஒரு இளைஞர். முட்டை மஞ்சள் கருவிலிருந்து சுத்தமான கொலஸ்ட்ராலைப் பிரிச்சு எடுத்தாங்க. அதைச் சூரியகாந்தி எண்ணெயில் கரைச்சு முயல்களுக்குக் கொடுத்தாங்க. இன்னொரு கூட்டம் முயல்களுக்கு வெறும் எண்ணெய். வெறும் எண்ணெய் குடிச்ச முயல்களுக்கு ஒண்ணும் ஆகலை. கொலஸ்ட்ரால் சாப்பிட்ட முயல்களோட மகாதமனிச் சுவரில் கொழுப்பு படிஞ்சு, மனுஷப் பிணங்களில் பார்க்கிற மாதிரியே தடிப்பு. ஆக, முட்டை கொடுத்தான் கிட்டு கொடுத்தான்னு வீடியோவில சொன்னது பாதிக் கதை. அந்த வெறும் எண்ணெய் முயல்களைப் பத்தி அந்த மனுஷன் மூச்சே விடலை.

மூணு வருஷம் முன்னாடி, 1910-இல், ஜெர்மனியில் அடால்ஃப் விண்டாஸ் மனுஷ ரத்தக்குழாயையே அறுத்து அளந்திருந்தார். நோய் பிடிச்ச மகாதமனியில் சாதாரணத்தைவிட இருபது மடங்குக்கும் மேல கொலஸ்ட்ரால். ரெண்டையும் சேர்த்துப் பார்த்தா கதை அங்கேயே முடிஞ்சிருக்கணும் இல்லையா? முடியலை. காரணம் எலி.

அனிச்கோவ் செஞ்சதை மத்தவங்க எலியிலயும் நாயிலயும் செஞ்சு பார்த்தாங்க. ஒண்ணுமே நடக்கலை. எலி எவ்வளவு கொலஸ்ட்ராலைத் தின்னாலும் ரத்தக்குழாய் பளிங்கு மாதிரி இருக்கு. உடனே உலகம் சொல்லிச்சு: முயல் புல்லு தின்னி, அதுக்குப் பழக்கமில்லாததைக் கொடுத்தா அப்படித்தான் ஆகும். (சித்தப்பா வீடியோ அப்பவே ரிலீஸ் ஆயிடுச்சு பாருங்க :-)) அனிச்கோவோட வேலை பல வருஷம் அப்படியே கிடந்தது.

எலி ஏன் தப்பிச்சுது? எலியோட கல்லீரல் வர்ற கொலஸ்ட்ராலைச் சரசரன்னு பித்த அமிலமா மாத்தி வெளியே தள்ளிடும். இன்னொரு காரணம் கொஞ்சம் நுட்பமானது. கொலஸ்ட்ரால் கொழுப்பு ஜாதி, ரத்தம் தண்ணி ஜாதி. சாம்பார் மேல எண்ணெய் மிதக்கிற மாதிரி மிதக்காம இருக்கணும்னா, புரதம் சுத்தின பார்சலா கட்டித்தான் அனுப்பணும். அந்தப் பார்சல்தான் லிப்போபுரோட்டீன். அடர்த்தி குறைஞ்ச பார்சல் எல்.டி.எல்., அடர்த்தி கூடினது எச்.டி.எல். எலி ரத்தத்தில் பெரும்பாலான கொலஸ்ட்ரால் எச்.டி.எல். பார்சலில் போகுது. நம்ம ரத்தத்தில் எல்.டி.எல். பார்சலில்தான் அதிகம். இந்தப் பார்சல் வித்தியாசத்தைக் கண்ணுக்குக் காட்டினவர் ஜான் காஃப்மன். மன்ஹாட்டன் திட்டத்தில் புளூட்டோனியத்தோட மல்லுக்கட்டின மனுஷன். 1950 வாக்கில் பெர்க்லியில், அதிவேகமாச் சுத்துற இயந்திரத்தில் ரத்தத்தைப் போட்டுச் சுத்தி, எது மிதக்குது எது அடியில போகுதுன்னு பிரிச்சார். அதுக்கு முன்னாடி "கொலஸ்ட்ரால்" ஒரே எண். அப்புறம்தான் எந்தப் பார்சல்ங்கற கேள்வியே வந்துச்சு. இன்னைக்கு லேபில நம்ம கையில கொடுக்கிற ரிப்போர்ட்டில நாலஞ்சு வரி இருக்கே, அதோட கொள்ளுத்தாத்தா இவர்தான்.

1948-இல் அமெரிக்காவில் ஃபிரேமிங்ஹாம்ங்கற சின்ன ஊரில் 5,209 பேரைச் சேர்த்து வருஷக்கணக்காப் பார்த்துக்கிட்டே இருந்த ஆய்வைப் பத்தி ஏற்கெனவே நிறைய பேர் எழுதியாச்சு, நான் தாண்டிப் போறேன். ரத்தத்தில் கொலஸ்ட்ரால் அதிகம் இருந்தவங்களுக்கு மாரடைப்பும் அதிகம் வந்துச்சு. ஆனா "இது இருந்தா அது வருது" வேற, "இதைக் குறைச்சா அது குறையும்" வேற. ரெண்டாவதைக் காட்டணும்னா குறைக்கிற மருந்து வேணும். அங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆள் வர்றார்.

அகிரா எண்டோ. 1933-இல் வட ஜப்பான் அகிட்டாவில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடப் பையனா இருக்கும்போதே ஒரு காளானைக் கொதிக்க வெச்சு, அந்தக் கஷாயம் ஈயைக் கொல்லுதுன்னு காட்டினவர். பூஞ்சையிலிருந்து பெனிசிலினைக் கண்ட ஃப்ளெமிங்கோட வாழ்க்கைக் கதையைப் படிச்சு மயங்கி, நாமும் பூஞ்சையில ஏதாவது பண்ணணும்னு கிளம்பினவர். சாங்க்யோ மருந்துக் கம்பெனியில் சேர்ந்து முதல்ல செஞ்சது என்ன தெரியுமா? பழச்சாறு தெளிய வைக்கிற என்சைம். அதுவும் பூஞ்சையிலிருந்துதான்.

அந்த வெற்றிக்குப் பரிசா 1966-இல் ரெண்டு வருஷம் நியூயார்க் போனார். அங்கே அவர் கண்ணில பட்டது ரெண்டு. தெருவில் பருமனான வயசானவங்க. அவங்கள்ல யாருக்காவது மாரடைப்புன்னு அடிக்கடி வந்து நிக்கிற ஆம்புலன்ஸ். அப்பவே மனுஷன் மனசில விதை விழுந்துடுச்சு.

நம்ம உடம்பில இருக்கிற கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி சாப்பாட்டில வர்றதில்லை. உடம்பே செய்யுது. (முட்டை மஞ்சள் கருவைத் தூக்கிப் போடற கோஷ்டி கவனிக்கவும். ஒரு நாளைக்கு 300 மில்லிகிராமுக்கு மேல கூடாதுங்கற வரம்பை 2015-20-க்கான அமெரிக்க உணவுக் குறிப்பிலயே எடுத்துட்டாங்க. அதுக்காக நாலு ஆம்லெட் போட்டுட்டு என் பேரைச் சொல்லாதீங்க.) உடம்பு கொலஸ்ட்ரால் தயாரிக்கிறது பல படிகள் கொண்ட வேலை. அந்த வழியைக் கண்டுபிடிச்சதுக்குத்தான் 1964-இல் கொன்ராட் ப்ளாக், ஃபியோடர் லைனன் ரெண்டு பேருக்கும் நோபல். அதில ஒரு படி, குறுகின வாசல் மாதிரி. எச்.எம்.ஜி.-கோ.ஏ. ரிடக்டேஸ்னு ஒரு என்சைம் அங்க காவலுக்கு நிக்குது. அதை மடக்கிட்டா உற்பத்தி படுத்துடும்.

எண்டோவோட யோசனை எளிமை, அழகு. பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் ஒண்ணையொண்ணு அழிக்க ரசாயன ஆயுதம் செய்யுது. எதிரிக்குக் கொலஸ்ட்ரால் மாதிரியான பொருள் உயிர்நாடின்னா, அந்த உற்பத்தியை நிறுத்துற ஆயுதத்தையும் ஏதோ ஒரு பூஞ்சை செஞ்சு வெச்சிருக்கணும் இல்லையா? 1971-இல் தேட ஆரம்பிச்சார். ரெண்டு வருஷத்துக்கும் மேல, 6,000-க்கும் மேற்பட்ட நுண்ணுயிர் வகைகள். ஒவ்வொண்ணா வளர்த்து, வடிகட்டி, சோதிச்சு. முதல்ல கிடைச்சது சிறுநீரகத்துக்கு விஷம். தூக்கிப் போட்டாச்சு. கடைசில சிக்கினது கியோட்டோவில் ஒரு தானியக் கடை அரிசியில் வளர்ந்த நீலப்பச்சைப் பூஞ்சை, பெனிசிலியம் சிட்ரினம். நம்ம வீட்டில அரிசிப் பானையில பூசணம் பிடிச்சா என்ன பண்ணுவோம்? அப்படியே கொண்டு போய்க் கொட்டிட்டு, அம்மாகிட்ட திட்டும் வாங்குவோம். அவர் அதை வளர்த்தார். 1973-இல் அதிலிருந்து பிரிச்ச பொருள்தான் காம்பாக்டின். உலகத்தின் முதல் ஸ்டாடின்.

கண்டுபிடிச்சாச்சு, அப்புறம்? வழக்கம் போல எலி.

எலிக்குக் கொடுத்தாங்க. கொலஸ்ட்ரால் இறங்கலை. அளவைக் கூட்டினாங்க. வாரக்கணக்கில் கொடுத்தாங்க. அசையலை. கண்ணாடிக் குழாயில் அந்த என்சைமை மடக்கிற பொருள், உயிருள்ள எலியில் பூஜ்யம். என்ன நடந்துச்சுன்னா, என்சைமை மடக்கினதும் எலியோட கல்லீரல் அதே என்சைமைப் பல மடங்கு கூடுதலாத் தயாரிச்சுத் தள்ளிடுது. ஒரு வாசலை அடைச்சா பத்து வாசல் திறக்கிற பேர்வழி. இங்கிலாந்தில் ஒரு கம்பெனியும் இதே பொருளைப் பூஞ்சைக்கொல்லின்னு தனியாக் கண்டெடுத்து 1976-இல் அறிவிச்சாங்க. ஆனா அதை இதய மருந்தா மேலே கொண்டு போகலை. எண்டோவோட கம்பெனியிலயும் மூடுவிழா நடத்தற மூட்தான்.

இந்த இடத்தில எண்டோ யோசிச்சதை நான் மூணு தடவை திரும்பப் படிச்சேன். எலிக்கு எல்.டி.எல். சொற்பம், அது மனுஷன் மாதிரி இல்லை. அப்ப எது நிறைய கொலஸ்ட்ரால் செய்யுது? முட்டை போடற கோழி! ஒரு மஞ்சள் கருவில் சுமார் 200 மில்லிகிராம். அதைத் தினமும் செஞ்சு அனுப்பற உடம்பு. 1976 தொடக்கத்தில் ஒரு சாயந்திரம், ஆபீஸ் பக்கத்து மதுக்கடையில் கிடானோங்கற சக ஊழியரைப் பார்த்தார். அவர்கிட்ட வேற ஆராய்ச்சிக்கு வளர்த்த கோழிகள் இருந்துச்சு. ஆராய்ச்சி முடிஞ்சு, கொல்றதுக்கு நாள் குறிச்சாச்சு. "அதை எனக்குக் கொடேன்"னு கேட்டு வாங்கிக்கிட்டார். நம்ம ஊரா இருந்தா அதுங்க அன்னைக்கு ராத்திரியே சுக்கா ஆகியிருக்கும்.

தீனியில் காம்பாக்டினைக் கலந்து போட்டாங்க. சில வாரத்தில் கோழி ரத்தத்தில் கொலஸ்ட்ரால் பாதியாக் குறைஞ்சுது. அப்புறம் நாய், குரங்கு. அதிலயும் குறைஞ்சுது. அனிச்கோவைக் கவுத்த எலி எண்டோவையும் கவுக்கப் பார்த்துச்சு, கோழி காப்பாத்திச்சு. அந்தச் சாயந்திரம் கிடானோ நேரா வீட்டுக்குப் போயிருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சா, அண்ணன் நெஞ்சைத் தடவிப் பார்க்கத் தோணுது.

இதில 1973-ங்கறது விசேஷமான வருஷம். அதே வருஷம், எண்டோவுக்குச் சம்பந்தமே இல்லாம, ஜப்பானின் கோபே பல்கலைக்கழகத்தில் யோஷியோ வட்டனபே ஒரு விசித்திர முயலைப் பார்த்தார். ரத்தத்தில் கொழுப்பு எக்கச்சக்கம். அதோட சந்ததியை வளர்த்து ஒரு தனி வம்சமே உண்டாக்கினார். வட்டனபே முயல்னே பேர். இந்த முயலுக்கு யாரும் முட்டை கொடுக்கலை, கொலஸ்ட்ரால் கரைச்சு ஊட்டலை. மத்த முயல் தின்ன அதே தாவரத் தீனிதான். ஆனாலும் எல்.டி.எல். ஏறி, ரத்தக்குழாய் தடிச்சு, இதயத் தமனி அடைச்சுது.

"புல்லு தின்னிக்கு முட்டை கொடுத்தா அப்படித்தான்"ங்கற வாதம் இங்க விழுந்துடுது பாருங்க. வாய் வழியா என்ன போச்சுங்கறது விஷயமே இல்லை. ரத்தத்தில் அந்தப் பார்சல் எவ்வளவு நேரம், எவ்வளவு எண்ணிக்கையில் சுத்துதுங்கறதுதான் விஷயம். சித்தப்பாவுக்கு இந்த முயலைத்தான் அனுப்பி வெச்சிருக்கேன். ரெண்டு நீல டிக் வந்திருக்கு, பதில் வரலை.

அந்த முயலுக்கு ஏன் அப்படி ஆச்சு? அதுக்கும் விடை 1973-இல்தான் முளைக்க ஆரம்பிச்சுது, டல்லஸில். மைக்கேல் பிரௌன், ஜோசப் கோல்ட்ஸ்டீன்னு ரெண்டு இளம் மருத்துவர்கள். சில குடும்பங்களில் பரம்பரையா கொலஸ்ட்ரால் மலை மாதிரி இருக்கும். அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் அந்தக் கோளாறு வந்த குழந்தைக்குப் பத்து வயசுக்குள்ளயே மாரடைப்பு வரலாம். அந்த நோயாளிகளோட தோல் செல்களை வளர்த்துப் பார்த்தாங்க. நம்ம செல்லோட வெளிச்சுவரில் எல்.டி.எல். பார்சலைக் கை நீட்டி வாங்கற ரிசெப்டார் இருக்கு. இந்தக் குழந்தைகளுக்கு அந்தக் கை இல்லை, இல்லேன்னா ஊனம். வாங்க ஆள் இல்லாத பார்சல் ரத்தத்திலயே சுத்திக்கிட்டே இருக்கும். வட்டனபே முயலுக்கும் அதே ஊனம்தான். ஸ்டாடின் கொடுத்தா கல்லீரல் செல்லுக்குள்ள சரக்கு தட்டுப்பாடு வரும். உடனே அது நிறையக் கைகளை வெளியே நீட்டி ரத்தத்தில் இருக்கிற எல்.டி.எல்.லை இழுத்துக்கும். மருந்தோட உண்மையான வேலை அந்தக் கைகளை முளைக்க வைக்கிறதுதான். 1985-இல் ரெண்டு பேருக்கும் நோபல்.

முதல் மனுஷச் சோதனையும் இந்த நோய்க்குத்தான். 1978 பிப்ரவரி, ஒசாக்கா பல்கலைக்கழக மருத்துவமனை. 18 வயசுப் பொண்ணு, ரெண்டு பக்கத்திலிருந்தும் கோளாறு, கொலஸ்ட்ரால் ஆயிரத்துக்குப் பக்கம். கம்பெனி முறையான சோதனை தொடங்கும் முன்னாடியே, அகிரா யமமோட்டோங்கற மருத்துவர் எண்டோகிட்ட காம்பாக்டினைக் கேட்டு வாங்கிக் கொடுத்தார். கொலஸ்ட்ரால் இறங்கிச்சு. கூடவே தசை பலவீனமும் வந்துச்சு. யமமோட்டோ மருந்தை நிறுத்தி, தேறினதும் அளவைக் குறைச்சுத் திரும்பக் கொடுத்தார். அப்புறம் வேற நோயாளிகளுக்குக் குறைஞ்ச அளவில் கொடுத்தப்ப சராசரியா முப்பது சதவீதம் இறங்கிச்சு, பெரிய தொந்தரவு இல்லாம. ஸ்டாடினால தசை வலி வரும்னு இன்னைக்குச் சொல்றதை ஏதோ மூடி மறைச்ச ரகசியம் மாதிரி வீடியோவில காட்டறாங்க. முதல் நோயாளியிலயே தெரிஞ்ச விஷயம் அது.

1980-இல் அடுத்த இடி. காம்பாக்டினை ரொம்பப் பெரிய அளவில் ரெண்டு வருஷம் தின்ன நாய்களுக்கு நிணநீர்ப் புற்று மாதிரி ஏதோ வந்ததாச் சொல்லி, சாங்க்யோ எல்லாத்தையும் நிறுத்திடுச்சு. எண்டோ அதுக்கு முன்னாடியே கம்பெனியை விட்டுட்டு பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தார். அங்கே 1979-இல் இன்னொரு பூஞ்சையிலிருந்து இன்னொரு ஸ்டாடினைப் பிரிச்சார். அமெரிக்காவில் மெர்க் கம்பெனியும் வேறொரு பூஞ்சையிலிருந்து அதே பொருளைப் பிரிச்சிருந்தாங்க. 1976-இலயே சாங்க்யோகிட்ட ஒப்பந்தம் போட்டு காம்பாக்டின் மாதிரியும் தகவலும் வாங்கினவங்கதான் இந்த மெர்க். எனக்கு இது கொஞ்சம் உறுத்தத்தான் செய்யுது. சட்டப்படி எல்லாம் சரி, இருந்தாலும். நாய்ப் புற்று செய்தி கேட்டு மெர்க்கும் பயந்து நிறுத்தினாங்க. அப்புறம் அவங்களே நாய்களில் திரும்பச் சோதிச்சுப் பார்த்தாங்க, கட்டி எதுவும் வரலை. வேற வழியில்லாத பரம்பரை நோயாளிகளுக்கு மட்டும்னு ஆரம்பிச்சு, 1987 செப்டம்பரில் லோவாஸ்டாடின் அமெரிக்க அனுமதியோட கடைக்கு வந்துச்சு.

அப்பவும் ஒரு கேள்வி பாக்கி. எண் இறங்குது சரி, உயிர் பிழைக்குதா? 1994-இல் ஸ்காண்டிநேவிய நாடுகளின் ஆய்வு வந்துச்சு. ஏற்கெனவே இதய நோய் உள்ள 4,444 பேர். பாதிப் பேருக்கு சிம்வாஸ்டாடின், பாதிப் பேருக்குச் சும்மா மாத்திரை. அஞ்சு வருஷத்துக்கு மேல பார்த்தாங்க. சும்மா மாத்திரைக் கூட்டத்தில் 256 பேர் இறந்தாங்க, மருந்து சாப்பிட்ட கூட்டத்தில் 182 பேர். இந்த ரெண்டு எண்ணையும் ஒரு துண்டுச் சீட்டில எழுதி, அண்ணன் வீட்டு ஃபிரிட்ஜில ஒட்டிட்டு வந்திருக்கேன்.

இதுவரைக்கும் படிச்சுட்டு, "அப்ப முயல் சொன்னா வேதவாக்கு, எலி சொன்னா பொய்"னு முடிவுக்கு வந்துடாதீங்க. முயலும் காலை வாரியிருக்கு. நல்ல கொலஸ்ட்ரால்னு சொல்றோமே எச்.டி.எல்., அதைக் கூட்டினா இன்னும் நல்லதுதானேன்னு ஒரு காலத்தில எல்லாரும் நம்பினாங்க. அதுக்கு சி.ஈ.டி.பி.ங்கற புரதத்தை மடக்கணும். எலிக்கு அந்தப் புரதமே கிடையாது, முயலுக்கு உண்டு. 2000-இல் ஜப்பான்காரங்க அதை மடக்கற ஒரு மருந்தை முயலுக்குக் கொடுத்தாங்க. எச்.டி.எல். ஏறிச்சு, ரத்தக்குழாய்த் தடிப்பு குறைஞ்சுது. ஆஹா ஓஹோ. அதே வகையில ஃபைசர் செஞ்ச டார்செட்ராபிப்பை 15,000-க்கும் மேற்பட்ட மனுஷங்ககிட்ட சோதிச்சாங்க. எச்.டி.எல். ஜம்முனு ஏறிச்சு. ஆனா 2006 டிசம்பரில் அவசர அவசரமா நிறுத்த வேண்டியதாச்சு. மருந்து சாப்பிட்ட பக்கம் 82 சாவு, சாப்பிடாத பக்கம் 51. நல்ல எண் ஏறினா நல்லதுன்னு நினைச்சவங்க வாயடைச்சுப் போனாங்க. ரிப்போர்ட்டில எச்.டி.எல். கூடன்னு நிம்மதியாத் தூங்கறவங்க யாராவது இருந்தா, அந்த ஒரு எண்ணை மட்டும் நம்பாதீங்க.

அப்ப கடைசியா எந்த மிருகத்தைத்தான் நம்பறது? நம்மளத்தான். 2003-இல் பிரான்ஸில் பரம்பரையா எல்.டி.எல். ஏறின குடும்பங்களைத் துருவினப்ப பி.சி.எஸ்.கே.9-ங்கற மரபணு சிக்கிச்சு. முன்னாடி சொன்னேனே, பார்சல் வாங்கற கை, அதை ஒடிக்கிறதுதான் இதோட தொழில். டல்லஸில் ஹெலன் ஹாப்ஸ், ஜொனாதன் கோஹன் ரெண்டு பேரும் தலைகீழா யோசிச்சாங்க. இந்த மரபணு கெட்டுப் போய்ப் பிறந்தவங்க யாராவது இருக்காங்களா? இருந்தாங்க. அமெரிக்கக் கறுப்பினத்தவரில் நூத்துக்கு ரெண்டு மூணு பேர். அவங்க எல்.டி.எல். பிறந்ததிலிருந்தே 28 சதவீதம் கம்மி. 15 வருஷக் கணக்கில் அவங்களுக்கு இதய நோய் 88 சதவீதம் கம்மி. 2006-இல் வெளியான கணக்கு இது. எந்தக் கம்பெனியும் மருந்து கொடுக்கலை, யாரும் பத்தியம் இருக்கலை. அப்பா அம்மாகிட்ட சீட்டுக் குலுக்கினதில வந்த அதிர்ஷ்டம். ரெண்டு பக்கத்திலிருந்தும் கெட்ட மரபணு வந்த ஒரு 32 வயசுப் பெண்ணுக்கு எல்.டி.எல். வெறும் 14. ஆரோக்கியமா உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்துக்கிட்டு இருந்தாங்களாம். இந்தச் சேதியிலிருந்து பிறந்த ஊசி மருந்துகள் 2015-இல் வந்துடுச்சு. அது தனிக் கதை.

எண்டோ 2024 ஜூன் 5-ந்தேதி, 90 வயசில் காலமானார். லாஸ்கர் விருது, ஜப்பான் பரிசு எல்லாம் கிடைச்சுது. நோபல் கிடைக்கலை. கோடிக்கணக்கான பேர் தினமும் விழுங்கற மாத்திரையிலிருந்து அவருக்குப் பைசா வரலை. "எல்லாம் கம்பெனி சதி"ன்னு சொல்றவங்களுக்கு எண்டோ கதையில நிறைய தீனி இருக்கு, நான் மறுக்கலை. ஆனா அந்தக் கோழிகளுக்குக் கம்பெனி எதுன்னு தெரியாது.

போன ஞாயித்துக்கிழமை இதையெல்லாம் அண்ணன்கிட்ட உட்கார்ந்து சொன்னேன். பொறுமையாக் கேட்டார். முடிச்சதும் கொஞ்ச நேரம் விசிறியைப் பார்த்துக்கிட்டு இருந்தார்.

"வீடியோவெல்லாம் சும்மா ஒரு சாக்குடா. ராத்திரியில கெண்டைக்கால் பிடிச்சு இழுக்குது. அதைச் சொன்னா, வயசாச்சுல்லன்னு சிரிச்சுட்டு அனுப்பிட்டாங்க. அதுக்கப்புறம் எனக்கு மாத்திரையைப் பார்த்தாலே எரிச்சல்."

இதை அண்ணிகிட்ட கூட அவர் சொன்னதில்லை. ஒசாக்காப் பொண்ணுக்கு அளவைக் குறைச்சுக் கொடுத்ததை மறுபடி சொன்னேன். வேற ஸ்டாடின் மாத்திப் பார்க்கலாம், இல்லைன்னா வேற வகை மருந்தும் இருக்கு, ஆனா அதை முடிவு பண்ண வேண்டியது டாக்டர், நீங்களும் நானும் இல்லைன்னேன். தலையை ஆட்டினார். வேற ஒரு டாக்டர்கிட்ட புதன்கிழமைக்கு டோக்கன் போட்டாச்சு.

கை கழுவப் போனவர் பாதியில நின்னார்.

"அந்தப் பரம்பரைக் கோளாறு எத்தனை பேருக்கு இருக்குன்னு சொன்னே?"

"ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வர்றது 250, 300 பேருக்கு ஒருத்தர் கணக்கு. நமக்கு அதுதானான்னு இன்னும் யாரும் பார்க்கலைண்ணே. இருந்தா பிள்ளைங்களுக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு."

"ஒசாக்காப் பொண்ணுக்கு என்ன வயசு?"

"பதினெட்டு."

உள் ரூமில் அவர் பொண்ணு பிளஸ் டூ பரீட்சைக்குச் சத்தம் போட்டுப் படிச்சுக்கிட்டு இருந்தா. அண்ணன் அந்தக் கதவையே பார்த்தார்.

"புதன்கிழமை டோக்கன் ரெண்டாப் போடச் சொல்லு."